எத்தனை பைசா வட்டி?

கோத்தகிரியில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. கட்டபெட்டுப் பக்கம் முக்கால் ஏக்கர் தேயிலை. மாமனாருக்குக் கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்த வருடம் நாலு பக்கமும் கடன் முளைத்தது. கிரெடிட் கார்டில் 70,000, தெரிந்த அக்கா ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து ஒரு லட்சம், மகளிர் குழுவில் 45,000, கடைக்கு 20,000 தண்டல்.

கார்டுக்கு மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டிவிட்டு, நாணயமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எது பெரிய கடன் என்றுதான் பார்த்தேனே தவிர, எது அதிகம் தின்கிறது என்று பார்க்கவில்லை.

ஒரு நாள் அளவு நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் நம் ஊர்க் கணக்கில், நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு என்று எழுதினேன். குழுக் கடன் 24 சதவீதம், அதாவது இரண்டு வட்டி. அக்காவுக்கு மூன்று வட்டி. கௌரவமாகத் தெரிந்த கார்டு மூன்றரை வட்டி! தண்டலில் பத்தாயிரத்துக்கு ஒன்பதாயிரம்தான் கையில் தருவார்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் கணக்குப் போட்டால் ஆறு வட்டியைத் தாண்டுகிறது. பேங்க் நகைக்கடனோ வருடத்துக்கு 9 சதவீதம், வெறும் 75 பைசா.

நகை பீரோவில் சும்மா கிடந்தது. "கல்யாண நகையை வச்சா ஊர் என்ன பேசும்?" என்றார் அத்தை. தண்டல்காரர் தினமும் கடை வாசலில் நிற்பதை மட்டும் ஊர் பார்க்கவில்லையா? இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவரே வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

செப்டம்பரில் ஒன்றரை லட்சம் கிடைத்தது. தண்டல் பாக்கி 14,000, கார்டு 70,000, மீதி 66,000 அக்காவுக்கு. கார்டுக்கும் அக்காவுக்கும் மட்டும் மாதம் 5,450 வட்டி போய்க்கொண்டிருந்தது. இப்போது பேங்குக்கு 1,125, அக்காவுக்கு 1,020. தண்டலுக்குப் போன தினம் 200 ரூபாயும் நின்றது. குழுக் கடனை மட்டும் தொடவில்லை. நான் ஒரு வாரம் தவறினாலும் கூட இருக்கும் பெண்கள் தலையில்தான் விழும்.

நடுவில் சில மாதம் மினிமமும் தவறியதால் கார்டு கணக்கு வசூல்காரர் கைக்குப் போயிருந்தது. முடிக்கும்போது அவர், "45,000 கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்" என்றார். ஆசைதான். ஆனால் நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் 'செட்டில்டு' என்று விழுந்தால் அடுத்த கடனுக்குத் தகராறு என்று கொழுந்தனார் தடுத்தார். முழுசாகக் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதமும் வாங்கினேன். கையில் பணமே இல்லாதவர்களுக்கு செட்டில்மென்ட் தப்பு என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன்பெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வரும். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைச் சொன்னதும் குரல் தணிந்தது.

எல்லாம் ஒழுங்காகப் போனது என்று சொன்னால் பொய். ஜனவரியில் உறைபனி விழுந்து இலை கருகியது. இலைக் காசு மளிகைக்கே காணவில்லை. மறுபடியும் 5,000 தண்டல் வாங்கி, அத்தைக்குத் தெரியாமல் தினம் 50 கட்டினேன். அதற்குப் பிறகு பனி மாதத்தில் பெரிய தொகை எதையும் ஒப்புக்கொள்வதில்லை. மே மாத இலைக் காசும் ஜூன் யூனிபார்ம் கூலியும் சேர்ந்துதான் அக்கா கணக்கை முடித்தன. புரோநோட்டை வாங்கி, கையெழுத்தைச் சரிபார்த்து, அங்கேயே கிழித்தேன்.

நகை இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. அடகு வைத்த அன்று கவுன்டரில் இருந்த பெண், "மொத்தமா வைக்காதீங்க, ரெண்டு கடனாப் போடுங்க. ஒண்ணொண்ணா மீட்கலாம்" என்றார். போன மாதம் அத்தையின் வளையல் வந்துவிட்டது. சங்கிலிக்கு அடுத்த மே ஆகும்.