வேரியோ மேல ஒட்டின மஞ்ச சீட்டு

போன ஜூன்ல ஒரு சனிக்கிழமை மத்தியானம். எஞ்சின் இல்லாத விமானமான கிளைடர்ல, தரையில இருந்து 1,100 மீட்டர் உயரம், நல்ல தெர்மல் ஒண்ணு, அதாவது சூடாகி மேல ஏறற காத்து, கெடச்சு இடது பக்கமா வட்டம் போட்டுக்கிட்டு இருக்கோம். முன் சீட்ல நான், பின் சீட்ல என் இன்ஸ்ட்ரக்டர், எழுபது வயசத் தாண்டின ஜெர்மன்காரர், மனசுக்குள்ள நான் அவர பெரியவர்னுதான் சொல்லிக்குவேன். வேரியோ பீப் பீப்னு வேகமா கத்துது, அதாவது கிளைடர் மேல ஏறுதா எறங்குதான்னு சத்தத்துலயே சொல்ற கருவி, பக்கத்துல இருக்கற ஸ்க்ரீன்ல வட்டத்தோட எந்தப் பக்கம் காத்து நல்லா தூக்குதுன்னு கலர் கலரா புள்ளி வருது, அதப் பாத்துப் பாத்து நான் வட்டத்த கொஞ்சம் கொஞ்சமா நகத்திக்கிட்டு இருக்கேன். நல்லா பறக்கறோம்னு ஒரு திருப்தி வேற. அப்போ பெரியவர் பின்னாடி இருந்து மெதுவா கேட்டார், "இந்த தெர்மல்ல நம்மளத் தவிர எத்தன பேர் இருக்காங்க?" யாரும் இல்லன்னேன். "ரெண்டு பேர்"னார்.

ஒருத்தர் நமக்கு நல்லா கீழ. இன்னொருத்தர் வட்டத்தோட நேர் எதிர்ப் பக்கம், கிட்டத்தட்ட நம்ம உயரத்துலயே, அந்த பைலட் போட்டிருந்த வெள்ளத் தொப்பி தெரியற தூரம். நாங்க மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்துல நல்லா சாஞ்சு சுத்திக்கிட்டு இருந்தோம், ஒரு சுத்துக்கு 20 செகண்ட் ஆகும், குறுக்க அளந்தா 170 மீட்டர்தான் இருக்கும். பெரியவர் சொன்ன கணக்குப்படி அந்த ஆள் மூணு சுத்தா எங்களோடதான் இருக்கார். ஒரு முழு நிமிஷம்! கண்ணு ரெண்டும் நல்லாதான் இருக்கு, மூக்குக் கண்ணாடி கூட கெடயாது, சுத்தி முழுக்க கண்ணாடிக் கூரை, மறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஆனாலும் நான் பாக்கல.

எறங்கின பிறகு ரெண்டு மூணு நாள் தூக்கம் சரியா வரல. அப்பதான் எனக்கு இந்தப் பறக்கற ஆசை எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிக்க ஆரம்பிச்சேன், முழுக்க முழுக்க வீடியோல இருந்துதான். 2018 செப்டம்பர்ல அர்ஜென்டினாவுல எல் கலஃபாத்தே பக்கத்துல பெர்லான் 2 கிளைடர்ல எஞ்சினே இல்லாம ஆண்டிஸ் மலையத் தாண்டி வர்ற காத்து மேல எழும்பற அலையில ஏறி 76,000 அடியத் தாண்டினாங்க, நாம போற பயணிகள் விமானம் பறக்கற உயரத்துக்கு ரெண்டு மடங்கு. அந்த வீடியோவ பாத்த ராத்திரில இருந்து எனக்கு பைத்தியம் பிடிச்ச மாதிரி. அப்புறம் போலந்து கிளைடர் பைலட் செபாஸ்டியன் காவா நேபாள இமயமலையில பறந்தது, ஆல்ப்ஸ் மலை முகட்ட ஒட்டிப் போறவங்க, எல்லாம் பாத்தாச்சு. வேலைக்காக ஜெர்மனில ஹெஸ்ஸன் மாநிலத்துக்கு வந்து சேந்தப்போ இதான் கிளைடரோட சொந்த ஊருன்னு தெரிஞ்சுது, வாஸர்குப்பங்கற மலை இங்கதான் இருக்கு, 1920லயே கிளைடர் போட்டி நடந்த எடம், நான் கத்துக்கற ஏஎஸ்கே 21 கிளைடர் கூட அந்த மலை அடிவாரத்துல இருக்கற கம்பெனி செஞ்சதுதான். கிளப்ல சேரும்போது நூத்துக்கணக்கான மணி நேரம் வீடியோ பாத்தவன் நான். அதெல்லாம் ஒரு பயிற்சின்னே நெனச்சிருந்தேன்.

பயிற்சிதான், ஆனா எதுக்குப் பயிற்சிங்கறதுதான் கேள்வி.

ஆறு மணி நேரம் பறந்தத 20 நிமிஷமா வெட்டிப் போடறாங்க. அதுல எது போகும்? தலைய இந்தப் பக்கம் திருப்பிப் பாக்கறது, அந்தப் பக்கம் திருப்பிப் பாக்கறது, ஒண்ணும் இல்ல, மறுபடி திருப்பறது, இப்படி ஒண்ணுமே நடக்காத நேரம் எல்லாம் போயிடும். பாக்கறவனுக்கு மிஞ்சறது கெளம்பின இடம், ஏறின இடம், மலை, மேகம், லேண்டிங். கேமரா ஒரு இடத்துல நிக்குது, எங்க பாக்கணும்னு எடிட் பண்றவர் முடிவு பண்றார், ஏதாவது முக்கியமா வந்தா அவரே காட்டிடுவார். மூலையில வேகம், உயரம், வேரியோ நம்பர் ஓடிக்கிட்டே இருக்கும், என் கண்ணு அங்கதான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அந்த நம்பர் பச்சையானா சந்தோஷம், செவப்பானா படபடப்பு. காக்பிட்ல உக்காந்ததும் கண்ணு அதே மூலையத் தேடிப் போயிடுச்சு. ஆகாசத்துல எந்தப் பக்கம் பாக்கணும்னு யாரும் நமக்கு ஃப்ரேம் வெச்சுக் குடுக்கறதில்ல. கழுத்தத் திருப்பினாதான் அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கு, இல்லன்னா கெடயாது.

இதுல எனக்கு ரொம்ப ஒறைச்ச விஷயம் இன்னொண்ணு. நம்ம மேல மோதற மாதிரி வர்ற விமானம் கேனோபில, அதாவது அந்தக் கண்ணாடிக் கூரையில, நகராது. யோசிச்சுப் பாருங்க, ரெண்டு பேரும் நேர்க்கோட்டுல ஒரே புள்ளிய நோக்கிப் போனா அவன் எனக்கு எப்பவும் அதே கோணத்துலதான் தெரிவான், கண்ணாடில ஒட்டின பூச்சி மாதிரி ஒரே எடத்துல நிப்பான், கடைசி சில செகண்ட்ல திடீர்னு பெருசாவான். நகர்ற கிளைடர் ஒதுங்கிப் போற கிளைடர், நகராததுதான் ஆபத்து. போனு நம்ம கண்ண பழக்கி வெச்சிருக்கறது இதுக்கு நேர் எதிர். எது ஆடுதோ, எது மின்னுதோ, எது சிவப்பா புள்ளி காட்டுதோ அதப் பாரு, சும்மா இருக்கறத விடு. ஒரு நாளைக்கு நூறு தடவ இதையே செஞ்சிட்டு சனிக்கிழமை மட்டும் கண்ணு வேற மாதிரி வேல செய்யணும்னா எப்படி செய்யும்?

நேரமும் கொஞ்சம்தான். ரெண்டு கிளைடர் எதிரெதிரா ஆளுக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல வந்தா ஒரு கிலோமீட்டர் இடைவெளி 18 செகண்ட்ல காலி. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ காட்டற ஒரு கணக்கு இருக்கு, ஒரு பொருள் கண்ணுல பட்டதுல இருந்து, அது விமானம்னு புரிஞ்சு, மோதப் போகுதுன்னு ஒறைச்சு, முடிவெடுத்து, கை அசைஞ்சு, நம்ம விமானம் திரும்பற வரைக்கும் 12.5 செகண்ட். அதுல 5 செகண்ட் மோதப் போகுதுன்னு ஒறைக்கறதுக்கே போயிடுது. கிளைடர முன்னாடி இருந்து பாத்தா ஒரு வெள்ளக் கோடுதான், அதுவும் வெள்ள மேகத்துக்கு முன்னாடி.

அப்ப மோதல் வருதுன்னு எச்சரிக்கற ஃப்ளார்ம் கருவி எதுக்குன்னு கேப்பீங்க. 2004ல சுவிட்சர்லாந்துல ஆரம்பிச்சது, ஒவ்வொரு கிளைடரும் தன் பாதைய ரேடியோல சொல்லும், ரெண்டு பாதையும் இடிக்கற மாதிரி இருந்தா கத்தும். அருமையான விஷயம், அது இல்லாத கிளைடர்ல ஏற எனக்கு இன்னிக்கும் இஷ்டமில்ல. ஆனா அது கத்தினதும் என் தலை கீழதான் குனிஞ்சுது, எந்த லைட் எரியுதுன்னு பாக்க, மெசேஜ் வந்தா போன எடுக்கற அதே அனிச்சை. பின்னாடி இருந்து பெரியவர் "ரவுஸ்ஷவன்!"னு ஒரு அதட்டல், வெளிய பாருன்னு அர்த்தம். அவருக்குக் கோபம் வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவதான். லைட்ட ஒரு வீச்சு பாத்துட்டு உடனே கண்ணு அந்தத் திசையில வெளிய போயிடணும், அங்கயும் சும்மா மேஞ்சா பத்தாது, ஒரு எடத்துல நிறுத்திப் பாத்து அடுத்த எடத்துக்கு நகரணும், ஏன்னா கண்ணு தெளிவா பாக்கற பகுதி ரொம்பச் சின்னது. ஃப்ளார்ம் இல்லாதவன் வந்தா அது கத்தவே கத்தாதுங்கறது தனி.

கேமரா எடுத்துட்டுப் போறது பத்தியும் சொல்லணும், ஏன்னா எனக்கும் ஒரு ஆக்‌ஷன் கேமரா இருந்துச்சு. 2014 மே 31 அதிகாலையில அமெரிக்காவுல கொலராடோவுல செஸ்னா 150ங்கற ஒரு சின்ன விமானம் விழுந்து ரெண்டு பேர் செத்துட்டாங்க. விழுந்த எடத்துல கெடச்ச கேமராவுல அதுக்கு முன்னாடி பறந்த குட்டிக் குட்டி ட்ரிப்போட வீடியோ இருந்துச்சு, பறக்கும்போதே போன்ல செல்ஃபி எடுத்திருக்காங்க, ஃப்ளாஷ் போட்டு. ராத்திரி, தாழ்வான மேகம், திசை தெரியாம கட்டுப்பாடு போயிடுச்சு, கவனத்த போன் திருப்பினதும் சேந்த காரணம்னு விசாரணையில எழுதினாங்க. அதப் படிச்ச பிறகு என் கேமராவ கழட்டிட்டேன். படம் எடுக்கறவங்கள தப்பு சொல்ல வரல, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவங்களுக்கு அது சாத்தியம். எனக்கு இன்னும் இல்ல, பாதி மனசு ரெக்கார்ட் ஆகுதான்னே அலையும்.

அடுத்த சனிக்கிழமை பெரியவர் மஞ்ச கலர் ஒட்டுற சீட்டுக் கட்டு ஒண்ணக் கொண்டு வந்து என் சட்டப் பாக்கெட்ல போட்டார். தரையில இருந்து கேபிள்ல இழுத்து ஏத்தற வின்ச் இழுத்து 400 மீட்டர்ல கேபிள் கழண்டதும், "வேரியோ மேல ஒண்ணு ஒட்டு, ஸ்க்ரீன் மேல ஒண்ணு, ஸ்பீடு காட்டற டயல் மேல ஒண்ணு"ன்னார், பின் சீட்ல அவர் பக்கக் கருவியில எல்லாம் தெரிஞ்சுது, அதனால பயம் இல்ல. முதல் ரெண்டு நிமிஷம் கண்ணக் கட்டி விட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா வர ஆரம்பிச்சுது. வேகம் கூடினா காத்து சத்தம் கூர்மையாகுது. மூக்கு தொடுவானத்துக்கு எவ்ளோ கீழ இருக்குன்னு பாத்தாலே வேகம் தெரியுது. கேனோபி மேல ஒட்டியிருக்கற செவப்பு நூல் நேரா இருக்கா சாயுதான்னு பாத்தா திருப்பம் சுத்தமா இருக்கான்னு தெரியுது. தெர்மல் வரும்போது இடது றெக்கைய யாரோ அடியில இருந்து லேசா தூக்கற மாதிரி, உக்காந்திருக்கற சீட் முதுகுல அழுத்தற மாதிரி, உடம்புக்கு முதல்ல தெரிஞ்சிருது, வேரியோ அதுக்குப் பின்னாடிதான் கத்தும். பழுப்பு கலர்ல ஒரு பருந்து எங்களுக்கு மேல சுத்திக்கிட்டு இருந்துச்சு, அதை நான் முதல்ல பாத்தேன், பெரியவருக்கு முன்னாடி. சொன்னதும் "ம்"னார். அன்னிக்கு 40 நிமிஷம் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு பாத்ததுல ராத்திரி கழுத்து நல்லா புடிச்சிக்கிச்சு.

வீடியோ பாக்கறத நான் விடல, விடவும் முடியாது, குளிர்காலத்துல இங்க அஞ்சு மாசம் வேற என்ன பண்றது. ஆனா இப்ப பைலட் முகத்தப் பாத்து வெச்ச கேமரா வீடியோவா தேடிப் பாக்கறேன். நல்ல பைலட் தலை சும்மாவே இருக்காது, இடது, மேல, றெக்கை நுனி, பின்னாடி, ஒரு கண் கருவி மேல, மறுபடி வெளிய. திரும்பறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் பாக்காம கிளைடர ஓட்டற குச்சிய அசைக்கவே மாட்டாங்க. பேசிக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே அதச் செய்வாங்க. எத்தன செகண்டுக்கு ஒரு தடவ திருப்பறாங்கன்னு நான் கூடவே எண்ணுவேன்.

நேத்து ராத்திரி லேப்டாப்ல ஆல்ப்ஸ் வீடியோ ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நம்பர் ஓடற மூலையில பெரியவர் குடுத்த கட்டுல மிச்சம் இருந்த மஞ்ச சீட்டு ஒண்ண ஒட்டி வெச்சிருந்தேன். என் மனைவி வந்து பின்னாடி நின்னு கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏங்க, அந்த மேகத்துக்குக் கீழ வெள்ளையா ஒரு கோடு நிக்குதே, அது என்ன?"ன்னு கேட்டா. நிறுத்தி பெருசு பண்ணிப் பாத்தேன். கிளைடர்.