யார் தேய்த்துக் கொடுத்தது?

ஜூன் 2, திங்கள்

இந்த அலுவலகத்தில் சேர்ந்து இன்றோடு ஒரு மாதம் ஆகிறது. பெருநகரத்தில் ஒன்பது ஆண்டுகள் கணக்குத் தணிக்கை பார்த்தபோது எப்படி உடுத்தினேனோ, அப்படியேதான் இந்தச் சிற்றூரிலும் உடுத்திச் செல்கிறேன்: இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, டை, அடர்நீலக் கோட்டு, பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. அங்கே இந்த உடையை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கே அலுவலகத்துக்கு நடந்து போகும் பத்து நிமிடத்துக்குள் இரண்டு மூன்று பேராவது, "என்ன தம்பி, இன்னைக்கு ஏதும் விசேஷமா?" என்று கேட்டுவிடுகிறார்கள். முதல் வாரம் அதை அன்பாக எடுத்துக்கொண்டேன். நான்காம் வாரமும் அதே கேள்வி வரும்போது, அவர்கள் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை என்பது விளங்குகிறது. விசேஷம் என்றால் ஓர் ஆண் பார்த்துப் பார்த்து உடுத்தலாம்; ஒன்றுமில்லாத ஒரு திங்கட்கிழமையில் அப்படி உடுத்தினால் அவனிடம் ஏதோ சரியில்லை என்று பொருள்.

சின்ன ஊரில் முன்பின் தெரியாதவன் என்கிற மறைவு கிடைப்பதில்லை. சாலையில் எதிர்ப்படுகிறவருக்கு என் அப்பாவையும் தெரியும், அவர் என்ன உடுத்தினார் என்பதும் தெரியும். ஆகவே என் கோட்டு ஒரு கோட்டாக மட்டும் பார்க்கப்படுவதில்லை. அப்பாவின் சட்டைக்குச் சொல்லப்படும் மறுப்பாகவும் பார்க்கப்படுகிறது. எனக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்ததே இல்லை.

ஜூன் 4, புதன்

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

இடைவேளையில் மேலாளர் என் காலரைப் பார்த்துவிட்டு, "கொடுத்து வைத்தவர் நீங்கள். வீட்டில் எவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்துக் கொடுத்திருக்கிறார்கள்!" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். சுற்றியிருந்த நால்வரும் ஆமோதித்துத் தலையசைத்தார்கள். "நான்தான் சார் தேய்ப்பேன். சின்ன வயதிலிருந்தே பழக்கம்" என்றேன். ஒரு கணம் யாரும் பேசவில்லை. பிறகு கடைசி மேசையிலிருந்து, "அப்போ வீட்டுல யாரு ஆம்பளை?" என்று ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், மேலாளரும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஒரு கணத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாராட்டப்பட்ட காலரும் சிரிக்கப்பட்ட காலரும் ஒன்றுதான். இடையில் ஒரு மடிப்புகூடக் கலையவில்லை. அதைத் தேய்த்த கை யாருடையது என்பது மட்டும்தான் மாறியது. அப்படியானால் நான் நன்றாக உடுத்துவது அவர்களுக்கு உறுத்தவில்லை. ஒரு பெண்ணின் உழைப்பில் கிடைத்த நேர்த்தி என்றால் அது எனக்குப் பெருமை. என் உழைப்பில் கிடைத்தது என்றால் அதுவே எனக்கு இழுக்கு. இதைச் சொன்னபோது என் மனைவிக்கு என்னைவிட அதிகமாகக் கோபம் வந்தது. "அப்படியென்றால் என் கைதான் குறைவா?" என்று கேட்டாள். எனக்குத் தோன்றாமல் போன பக்கம் அது.

ஜூன் 8, ஞாயிறு

வாரத்துக்கான ஐந்து சட்டைகளையும் ஞாயிறு காலையில் தேய்த்துவிடுவது வழக்கம். பருத்தித் துணி முழுவதும் காய்ந்துவிட்டால் சுருக்கம் விடாப்பிடியாக நிற்கும். சற்று ஈரம் இருக்கும்போதே தேய்க்க வேண்டும். முதலில் காலரின் உட்புறம், பிறகு வெளிப்புறம். இரண்டிலும் இஸ்திரிப் பெட்டி முனையிலிருந்து நடுவை நோக்கித்தான் போக வேண்டும். நடுவிலிருந்து முனைக்குத் தள்ளினால் துணி ஓரத்தில் குவிந்து, எல்லோருடைய கண்ணும் படுகிற இடத்திலேயே ஒரு சின்ன மடிப்பு விழுந்துவிடும். அடுத்து தோள்பட்டை, கை மடிப்பு, கை, கடைசியாக உடல் பகுதி. பட்டன்களுக்கு இடையே பெட்டியின் நுனியை மட்டும் நுழைத்து எடுக்க வேண்டும். பட்டன் மேல் சூடு பட்டால் அது விண்டுபோகும். இவ்வளவையும் ஒரு சட்டைக்கு எட்டு நிமிடத்தில் முடிக்கலாம்.

எதற்காக இந்தச் சிரமம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில்தான் இருக்கிறது. தன் தொழில் நட்டத்தையும், வீட்டாருக்கே சொல்லாத கடன்களையும் ஒருவர் கோப்பில் கட்டிக்கொண்டு வந்து என் மேசையில் வைக்கிறார். அவர் வரப்போகிறார் என்பதற்காக நான் முன்கூட்டியே ஆயத்தமாகியிருக்கிறேன் என்பது, நான் வாய் திறப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிய வேண்டும். என்னைப் பொறுத்தவரை உடை என்பது அந்த மரியாதைதான்.

ஜூன் 13, வெள்ளி

வெளிர் ரோசா நிறச் சட்டை அணிந்து போனேன். "ஆம்பளைக்கு இது ஒரு நிறமா தம்பி?" என்று கடைசி மேசைக்காரர் கேட்டார். இம்முறை பேசாமல் இருக்க மனம் வரவில்லை. 1918-இல் அமெரிக்காவில் குழந்தைகள் உடை வணிகத்துக்காக வெளிவந்த ஒரு பத்திரிகை, ரோசா அழுத்தமான நிறம் என்பதால் பையன்களுக்கும், நீலம் மென்மையானது என்பதால் பெண் குழந்தைகளுக்கும் பொருந்தும் என்று எழுதியதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

அவருடைய கையில் கனத்த எஃகுக் கடிகாரம் ஒன்று இருந்தது. அதைக் காட்டி, "நூற்று இருபது வருடத்துக்கு முன்னால் இதைக் கட்டியிருந்தால் உங்களைப் பார்த்தும் சிரித்திருப்பார்கள் அண்ணே" என்றேன். 19-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் கைக்கடிகாரம் பெண்களின் அணிகலன். ஆண் என்றால் சங்கிலி கோத்த பைக்கடிகாரம்தான். 1904-இல் வான்கப்பல் ஓட்டிவந்த, பின்னாளில் விமானியான பிரேசில்காரர் சான்டோஸ்-டுமாண்டுக்கு, ஓட்டும்போது பையைத் துழாவ முடியாது என்பதற்காகவே பாரிஸ் நகை வணிகர் லூயி கார்ட்டியே கைக்கடிகாரம் செய்து கொடுத்தார். 1914-இல் தொடங்கிய முதல் உலகப்போரில், குறித்த நொடியில் தாக்க வேண்டிய சிப்பாய்களுக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டதால் கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியது. போர் முடிந்து அவர்கள் வீடு திரும்பியபோது அது ஆண்களின் பொருளாகிவிட்டிருந்தது. குதிகால் உயர்ந்த காலணிகூட முதலில் பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமல் நிற்க அணிந்ததுதான் என்றும், பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் சிவப்புக் குதிகாலோடு அரசவைக்கு வந்தார் என்றும் சொன்னேன்.

எல்லோரும் ஆர்வமாகக் கேட்டார்கள். வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஜூன் 15, ஞாயிறு

நான் வெல்லவில்லை. இரண்டு நாளாக அது மனதில் நெருடுகிறது.

நான் யாரை யாரைச் சாட்சிக்கு அழைத்தேன்? சிப்பாய், விமானி, குதிரை வீரன். "இதை அணிந்தவர்கள் வீரர்கள், ஆகவே இது ஆண்மைதான்" என்பதுதான் என் வாதத்தின் சாரம். அதாவது, என்னை அளக்க அவர்கள் எடுத்து வந்த அளவுகோலை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதில் நான் தேறிவிடுவேன் என்று நிரூபிக்கப் பார்த்திருக்கிறேன். போருக்குப் போகாத, குதிரை ஏறாத ஒருவன் தன் சட்டையைத் தானே தேய்த்து உடுத்துவதற்கு அந்த வாதத்தில் இடமே இல்லை. அவனோ நான்தான்.

இன்று ஓர் ஆங்கிலேய நாட்குறிப்புக்காரரை நினைத்துக்கொண்டேன். சாமுவேல் பீப்பிஸ் கடற்படை அலுவலகத்து அதிகாரி, தையற்காரரின் மகன். இரண்டாம் சார்லஸ் மன்னர் ஆண்களுக்கு ஒரு புதிய உடைப் பாணியை, இன்றைய கோட்டின் உள்ளே அணியும் வெயிஸ்ட்கோட்டுக்கு முன்னோடியான ஒன்றை, அறிவித்த செய்தியை 1666 அக்டோபர் 8-இல் குறித்து வைத்த அவர், நவம்பர் 4-இல் தமக்கு அது தைத்து வந்ததும் அணிந்து பார்த்து, அதில் தம்மைத் தமக்கே மிகவும் பிடித்திருந்தது என்றும், மனைவிக்கும் பிடித்தது என்றும் எழுதினார். யாருக்கும் காரணம் சொல்லவில்லை, எந்த வீரனையும் துணைக்கு அழைக்கவில்லை. இப்படி எழுதும் உரிமை பின்னர் ஆண்களிடமிருந்து போய்விட்டது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய ஆண்கள் நிறத்தையும் பட்டையும் சரிகையையும் கைவிட்டு அடக்கமான கருமைக்கு மாறியதை, உளவியலாளர் ஃப்ளூகெல் 1930-இல் ஆண்களின் மாபெரும் துறவு என்று குறிப்பிட்டார். என் அடர்நீலக் கோட்டு அந்தத் துறவின் வாரிசு. துணியைத் துறந்ததோடு நின்றிருக்கலாம். தன்னைத் தானே கவனித்துக்கொள்வதையும் சேர்த்தே துறந்துவிட்டதுதான் எனக்கு வருத்தம்.

ஜூன் 20, வெள்ளி

"யார் தேய்த்துக் கொடுத்தது?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். "நான்தான்" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. மாலை வரை மனம் இலேசாக இருந்தது.

ஜூன் 26, வியாழன்

கடைசி மேசைக்காரரின் சட்டை மூன்று வாரமாகக் கசங்கியிருப்பதை நான் கவனிக்காமல் இல்லை. இன்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு என் மேசைக்கு வந்து நின்றார். அவருடைய மனைவி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து, கையில் கட்டுப் போட்டிருக்கிறதாம். அலுவலகத்தில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. "பேரனுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தேய்க்கணும் தம்பி. இந்தக் காலர் மட்டும் எப்படிப் போட்டாலும் ஓரத்துல மடங்குது" என்றார். பேரனின் சட்டைக்காகத்தான் கேட்கிறார் என்றே நானும் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

ஜூன் 29, ஞாயிறு

வந்தார். பையில் சிறுவனின் வெள்ளைச் சட்டை இரண்டு, அவற்றுக்கு அடியில் அவருடைய சட்டைகள் நான்கு. கதவை மூடச் சொல்லுவாரோ என்று நினைத்தேன், சொல்லவில்லை.

கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு, பெட்டியைப் பிடித்தார். கை நடுங்கவில்லை, ஆனால் தேவைக்கு மேல் அழுத்தினார். பெட்டியின் எடையே போதும், தள்ளினால் போதும் என்றேன். முதல் காலரில் பழையபடி நடுவிலிருந்து முனைக்குப் போனார், ஓரம் மடங்கியது. தண்ணீர் தெளித்து மறுபடி விரித்துக் கொடுத்தேன். இரண்டாம் முறை முனையில் தொடங்கி நடுவுக்கு வந்தார், பிறகு மறுமுனை. துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"அவளுக்கு இது இத்தனை வருஷமா தெரிஞ்சிருக்கு" என்றார்.

பிறகு தம்முடைய சட்டையை எடுத்து விரித்தார்.