28 பல்லிலிருந்து 34 பல்லுக்கு

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். போன வருடம் சைக்கிளில் ஏறியபோது முப்பதைத் தாண்டியதுமே இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டேன். மூச்சு இருந்தது, முட்டிதான் மறுத்துவிட்டது. முன்னால் 50/34 கிராங்க், அதாவது 50 பல்லும் 34 பல்லும் உள்ள இரண்டு சக்கரங்கள்; பின்னால் 11-28 கேசட், அதாவது 11 பல்லிலிருந்து 28 பல் வரையிலான சக்கர அடுக்கு. இருப்பதிலேயே லேசான கியரில்கூட, பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 2.6 மீட்டர் போகும். பின்னால் 34 பல் இருந்தால் 2.1 மீட்டர்தான். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தபடி மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கும் கீழே ஊர்ந்து போகலாம். எனக்கு அது போதும்.

கேசட் மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் மொட்டைமாடியில் உட்கார்ந்தேன். கேசட்டைப் பிடித்து நிறுத்தும் லாக்ரிங்கை இறுக்கிய பிறகும் கேசட் கடகடவென்று ஆடியது. ஷிமானோவின் 11 ஸ்பீடு (பின்னால் 11 சக்கரம்) 11-34 கேசட், மலைச் சைக்கிள் ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக் குடத்தின், அளவுக்குச் செய்தது. ரோடு சைக்கிளின் 11 ஸ்பீடு ஹப்பில் மாட்டும்போது உள்பக்கம் 1.85 மி.மீ. வளையம் ஒன்று வைக்க வேண்டும். அந்த வளையத்தை நான் பிளாஸ்டிக் உறையோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருந்தேன். தேடி எடுத்தேன்.

அடுத்தது டெரெய்லர்: செயினைப் பல் மாற்றிப் போட்டு, அதன் தொய்வையும் இழுத்துப் பிடிக்கும் கருவி. என்னுடையது ஷிமானோ 105 ஆர்7000, குட்டைக் கூண்டு. செயின் ஓடும் இரண்டு சின்னப் புல்லிகளைத் தாங்குவதுதான் கூண்டு. பெரிய பல்லுக்குப் போட்டதும் மேல் புல்லி 34-இன் பற்களில் உரசிக் கரகரத்தது. முன்னாலும் பெரிய சக்கரத்துக்கு மாற்றிக் கையால் கிராங்கைச் சுற்றினேன். செயின் முழுசாக ஏறுவதற்குள் கூண்டு முன்பக்கமாக நீண்டு விறைத்துக்கொண்டு நின்றது. அத்தோடு நிறுத்திவிட்டேன். அதே கியரைச் சாலையில் மிதித்திருந்தால் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்து, அது சக்கரக் கம்பிக்குள் போயிருக்கும்.

பழக்கமான மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். "தம்பி, உன் டெரெய்லரு எத்தனை பல்லு வரைக்கும் தாங்கும்னு பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று, அது தாங்கும் பெரிய பல்: என்னுடையதற்கு 30. இன்னொன்று, செயின் தொய்வை எவ்வளவு சுருட்டும் என்பது. முன்னால் 50-34=16, பின்னால் 34-11=23, ஆக 39. குட்டைக் கூண்டு 35 வரைதான் சுருட்டும். பழைய 11-28-க்கு 33 போதுமாக இருந்ததால் இத்தனை நாள் இந்தக் கணக்கே எனக்குத் தேவைப்படவில்லை. அதே மாடலின் நீளக் கூண்டுக்குப் பெரிய பல் 34, சுருட்டல் 39. எனக்கென்றே அளவெடுத்த மாதிரி. அதையே வாங்கி மாட்டினேன்.

சுருட்டல் எண் ஒன்றிரண்டு மீறினால் முன்னாலும் பின்னாலும் சின்னச் சக்கரத்தில் இருக்கும் கியரில் செயின் தொங்கும், அவ்வளவுதான். அந்தக் கியரில் யார் ஓட்டப் போகிறார்கள்? செயின் குட்டையாக இருப்பதுதான் ஆபத்து. அதனால் செயினை மட்டும் ஊகத்தில் வெட்டக் கூடாது.

டெரெய்லருக்குள் நுழைக்காமல், முன்னால் 50, பின்னால் 34 இரண்டின் மேலும் செயினைச் சுற்றி இழுத்துப் பிடித்து, சேர்கிற இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி கூடுதலாக விட்டேன். கணக்கும் போட்டுப் பார்த்தேன். கிராங்க் அச்சிலிருந்து பின் அச்சு வரை 410 மி.மீ., அதாவது 16.14 அங்குலம். அதன் இரு மடங்கு 32.28, அதோடு 50-இல் கால்வாசி 12.5, 34-இல் கால்வாசி 8.5, மேலே ஒன்று. 54.28. முழு அங்குலமாக உயர்த்தினால் 55, கண்ணி அரை அங்குலம் என்பதால் 110 கண்ணி. பழைய செயினை எண்ணினேன்: 106. கூண்டு ஏன் விறைத்தது என்று அப்போதுதான் புரிந்தது. 116 கண்ணியில் வந்த புதுச் செயினில் ஆறைக் கழற்றினேன்.

கடைசியாக, டெரெய்லரைக் கேசட்டிலிருந்து தள்ளி நிறுத்தும் பி-டென்ஷன் திருகு. மேல் புல்லிக்கும் 34-க்கும் நடுவில் ஐந்தாறு மி.மீ. இடைவெளி வரும்வரை திருக வேண்டும். எனக்கு அரை மணி நேரம் பிடித்தது, அதில் பாதி நேரம் தவறான திருகைத் திருகிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மறுபடி காரவள்ளி. இந்த முறை தள்ளவில்லை. ஐம்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் டிவிஎஸ் 50-இல் வாழைத்தாரோடு ஏறிய பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, "ஏம்ப்பா, இவ்வளவு வேகமா காலைச் சுத்துற, வண்டி நகரவே மாட்டேங்குதே?" என்றார்.

"அதுக்குத்தாங்க காசு கொடுத்து மாத்தினேன்" என்றேன்.