மாத்திரைக் கோபம்

ஜூலை 4, வியாழன்

டாக்டர் இன்று மாத்திரையை மாற்றிவிட்டார். பதின்மூன்று வருடமாகக் காலையும் இரவும் விழுங்கிய வலிப்பு மாத்திரை வால்ப்ரோயேட்டை நிறுத்தப் போகிறோம். வலிப்பு கூடியதால் இல்லை. கடைசியாக வந்து நான்கு வருடம் ஆகிறது. குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்கப் போனோம், அவ்வளவுதான்.

இந்த மாத்திரை சாப்பிடும்போது கரு தங்கினால், பத்தில் ஒரு குழந்தைக்கு முதுகுத்தண்டிலோ இதயத்திலோ பிறவிக் குறை இருக்கலாம், பத்தில் மூன்று நான்கு பேருக்குப் பேச்சும் படிப்பும் பின்தங்கலாம் என்றார். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது, இதற்கு முன் பார்த்த டாக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

புது மாத்திரை லெவெடிரசெட்டம். முதல் வாரம் 250 மில்லிகிராம் இரு வேளை, அப்புறம் 500. அது உடம்பில் பிடித்த பிறகு பழையதை 1,000 மில்லிகிராமிலிருந்து இரண்டு வாரத்துக்கு 200 வீதம் குறைக்க வேண்டும். கூடவே ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம். பழையது முழுக்க நின்று, வலிப்பு வராமல் சில மாதம் போன பிறகுதான் குழந்தைப் பேச்சு.

பழையவன்மேல் எனக்கு ஒன்றும் பாசம் கிடையாது. ஒன்பது கிலோ ஏற்றிவிட்டான். சீப்பில் தினமும் ஒரு கொத்து முடி. எல்லாவற்றையும் விடக் கொடுமை, கை நடுக்கம். நான் தையல்காரி. மெஷினில் உட்கார்ந்துவிட்டால் சமாளிப்பேன், துணியை அழுத்திப் பிடித்திருக்கும்போது நடுக்கம் தெரியாது. ஹூக் வைக்க, ஹெம்மிங் பண்ணக் கை ஊசியில் நூல் கோக்கும்போதுதான் மானம் போகும். அதனால் இவர் கடைக்குக் கிளம்பும் முன் பத்து ஊசியில் நூல் கோத்து, பழைய ஸ்பாஞ்சில் குத்தி வைத்துவிட்டுப் போவார். கறுப்பு இரண்டு, வெள்ளை இரண்டு, மீதி அன்றைய பிளவுஸ் நிறம்.

ஜூலை 8, திங்கள்

காலை 6:20. காபி டம்ளர் கையிலிருந்து பறந்து அடுப்பங்கரைச் சுவரில் மோதியது. தவறி விழுவது வேறு, இது வேறு. தோள் ஒரு வெட்டு வெட்டும், கையில் இருப்பது போய்விடும். தப்பு என்னுடையது. முகூர்த்தப் பிளவுஸை முடிக்க ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். என் வகை வலிப்புக்கு (ஜே.எம்.இ. என்பார்கள், பதின்வயதில் ஆரம்பிப்பது) தூக்கம் கெட்டால் போதும், எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டம் காட்டும்.

பிளஸ் ஒன் படிக்கும்போது காலையில் பல் துலக்கும் பிரஷ் இப்படித்தான் பறக்கும். அம்மா 'கவனம் எங்கே' என்று திட்டுவாள். பரீட்சைக்குக் கண்விழித்துப் படித்த ஒரு விடியலில் பெரிதாக வந்து விழுந்தேன். கண் திறந்தபோது கையில் பக்கத்து வீட்டு இரும்புச் சாவிக் கொத்து. முதலில் கொடுத்த கார்பமாசெபைன் உதறலைக் கூட்டித்தான் விட்டது. இந்த வகைக்கு அது ஆகாது என்பது திருச்சியில் ஈஈஜி (மூளை அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 13, சனி

500 ஆரம்பித்து மூன்றாம் நாள். தூக்கம், தூக்கம். பட்டியைக் காஜா பக்கம் வைக்காமல் மாற்றித் தைத்துப் பிரித்தேன். வேறு எதுவும் இல்லை.

ஜூலை 20, சனி

அத்தை தோசையைத் திருப்பிப் போட்டார். அவ்வளவுதான் நடந்தது. நான் ஒரு பக்கம் மட்டும் வெந்தால் போதும் என்பேன், மறந்துவிட்டார். அதற்கு நான் போட்ட கூச்சலை எழுதக் கை கூசுகிறது. வயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பி நேரே வாய்க்கு வந்தது, நடுவில் நான் இல்லை. பத்து நிமிடம் கழித்துக் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். (கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை, வாளி வைத்து மறிப்பதோடு சரி. அதனால் அழுகையும் வெளியே கேட்டிருக்கும்.)

இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. வியாழன் முதல் பழையது 800.

ஜூலை 22, திங்கள்

டாக்டரிடம் போனில் பேசினோம். லெவெடிரசெட்டத்தில் சிலருக்கு இந்தச் சிடுசிடுப்பு வரும், சில வாரத்தில் தணியவும் செய்யும் என்றார். பி6 வைட்டமின் எழுதிக் கொடுத்தார், சிலருக்குக் கேட்கிறதாம். மனசு ரொம்பச் சோர்ந்தாலோ, செத்துப்போகலாம் போல நினைப்பு வந்தாலோ அன்றைக்கே கூப்பிட வேண்டும். லாமோட்ரிஜின் என்று இன்னொன்று இருக்கிறது. ஆனால் அதை எறும்பு ஊர்வதுபோல் ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் தோல் வெந்ததுபோல் தடிப்பு வரும் ஆபத்து உண்டு. வால்ப்ரோயேட் உள்ளே இருக்கும்போது இன்னும் மெதுவாக. அதுவும் என் மாதிரி ஆட்களில் சிலருக்கு உதறலைக் கூட்டலாமாம்.

"நீங்களாக நிறுத்திடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். எனக்குச் சொல்லவே வேண்டாம். இருபத்திரண்டு வயதில் தங்கை கல்யாணத்துக்கு முன், முடி கொட்டுகிறதே என்று மூன்று நாள் மாத்திரையை விட்டேன். முகூர்த்தத்தன்று காலை மண்டபத்து வாசலில், கோலத்தின் மேலேயே விழுந்தேன். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார் என்று இன்றும் சொல்லிக் காட்டுவார்கள்.

ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். தூங்கிய மணி, காலை உதறல், கோபம் என்று மூன்று கட்டம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. மேட்டூர் நிரம்பியதால் அம்மா மண்டபத்தில் காவிரி கரைமுட்ட ஓடுகிறது. ஸ்ரீரங்கத்துப் பெண்ணாக இருந்தும் நான் இறங்கிக் குளித்ததில்லை, தண்ணீரில் வலிப்பு வந்தால் கதை முடிந்தது. அத்தை ஒரு சொம்பில் மொண்டு வந்து மேல் படியிலேயே என் தலையில் தெளித்தார்.

சரடு மாற்றும்போது தாலிக் குண்டுகளை நானே கோத்தேன். போன வருடம் மூன்று முறை நழுவி, அத்தைதான் கோத்துக் கொடுத்தார். இந்த முறை மஞ்சள் ஈரத்தில் வழுக்குகிற சரடின் நுனியைக் கொஞ்சம் முறுக்கினேன், ஒரே தடவையில் போய்விட்டது. பழையது 600-க்கு இறங்கி மூன்று நாள்கூட ஆகவில்லை. அத்தை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோக்காரரிடம் இருபது ரூபாய்க்குச் சண்டை. கோபக் கட்டத்தில் ஒரு கோடு.

ஆகஸ்ட் 12, திங்கள்

நான்கு தெரு தள்ளி இருக்கும் ஒரு அம்மா, மே மாதம் தைத்த ஐந்து பிளவுஸுக்கு இன்னும் 1,150 ரூபாய் தரவில்லை. இன்று ஆறாவது பிளவுஸோடு வந்தார். பழைய பாக்கியைக் கொடுத்தால் துணியை வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கத்தவில்லை. குரல் கொஞ்சம் தடித்திருக்கும், அவ்வளவே. உள்ளே இருந்து வந்த இவர் சிரித்தபடி, "மாத்திரை பேசுதும்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று துணியைக் கையில் வாங்கிவிட்டார்.

அந்த அம்மா போன பிறகு நான் பேசவே இல்லை. தோசை அன்றைக்கு மாத்திரைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆட்டோ, பாதிக்குப் பாதி. இது நான். மூன்று மாதக் கூலி. நடுங்குகிற கையோடு வைத்த ஹூக்குகள். என் கோபத்தையும் கொண்டுபோய் மாத்திரை டப்பாவில் போட்டு மூடினால் அப்புறம் எனக்கு என்ன மிச்சம்?

1999-இல் திருத்தும் வரை இந்து திருமணச் சட்டம் வலிப்பையும் மனப்பிறழ்வையும் கல்யாணத்துக்குத் தடை என்று ஒரே வரியில் வைத்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்றே எனக்கு வலிப்பு உண்டு என்று சொன்னேன். இவர் கேட்டது ஒன்றே ஒன்று: "வந்தா நான் என்ன செய்யணும்?" ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் திணிக்க வேண்டாம், சாவி வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. அப்படிக் கேட்ட மனிதர் இன்று இப்படிச் சொன்னதுதான் வலிக்கிறது. ராத்திரி சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

400-க்கு வந்தாகிவிட்டது. பத்து நாளாக உதறல் இல்லை. கோபக் கோடு இந்த வாரம் இரண்டே. பழக்கதோஷத்தில் இவர் இன்றும் ஊசிகளைக் கோத்து வைத்துவிட்டுப் போனார். நான் ஒன்றை உருவிவிட்டு மறுபடி கோத்துப் பார்த்தேன், வேண்டுமென்றே.

பாக்கிக்கார அம்மா ஆயிரம் கொடுத்தனுப்பியிருந்தார். மீதி 150-க்கு அத்தையே கிளம்பிப் போனார். அவர் அங்கே போட்ட சத்தம் தெருமுனை இஸ்திரிக்கடை வரை கேட்டதாம். அத்தை பிரஷர் மாத்திரையைத் தவிர எதுவும் சாப்பிடுவதில்லை.