ஆளணிக் கணக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலையில் சில காலம் பிரதி அதிபராக இருந்தேன். குருமண்வெளியில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் இறங்கிப் போகவேண்டும். காற்று கடுமையாக அடித்தால் பாதை ஓடாது, பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வரவேண்டும். அன்றைக்கு முதற்பாடம் போனதுதான்.

எனக்குக் கிடைத்த பொறுப்புகளில் ஒன்று, வராத பிள்ளைகளைத் தேடிப் போவது. 1939ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம்தான் நமது பாடசாலைகளுக்கு இன்றும் அடிப்படை. ஆனால் 5 முதல் 14 வயது வரை கட்டாயம் பாடசாலைக்கு அனுப்பவேண்டும் என்ற ஒழுங்குவிதி 1998இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அதை 16 வயதாக்கினார்கள். முதல் விதி வந்தபோது படுவான்கரையில் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஆசிரியர் சம்பளமும் பாடப்புத்தகமும் மட்டும் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தன. அந்த நிலையில் யார் யாரைக் கட்டாயப்படுத்துவது?

பெரும்போக அறுவடை தொடங்கினால் வரவு இடாப்பில் சிவப்புக் கோடுகள் கூடிவிடும். அப்படித்தான் பத்தாம் ஆண்டுப் பையன் ஒருவனைத் தேடி, கிராம சேவகரோடு போனேன். தாய் வெளிநாட்டில். வீட்டில் அம்மம்மா மட்டும், சுளகில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். சட்டம் இப்படிச் சொல்கிறது என்று நாங்கள் ஆரம்பித்தோம். அவர் சுளகைக் கீழே வைக்கவும் இல்லை.

"வந்தா மட்டும் என்ன சேர், கணக்குப் படிப்பிக்க ஆள் இரிக்கா?"

இல்லை. அந்த வருடம் எங்களுக்குக் கணித ஆசிரியர் இல்லை. விளையாட்டு ஆசிரியர்தான் இயன்ற மட்டும் சமாளித்தார், பாவம். கிராம சேவகர் என்னைப் பார்த்தார், நான் படலையைப் பார்த்தேன்.

பிள்ளையை அனுப்பாத பெற்றோரைக் கேட்க விதி இருக்கிறது. ஆசிரியர் ஏன் இல்லை என்று பெற்றோர் கேட்டால் எங்கே போவது? எல்லோருக்கும் சமமான கல்வி வாய்ப்பு என்பது அரசியலமைப்பில் 27ஆம் உறுப்புரையில், அரசின் கொள்கை வழிகாட்டல்களில் வருகிறது. அவற்றை வைத்து நீதிமன்றம் போகமுடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்லிவிடுகிறது. பாடசாலையில் பிள்ளைகளைச் சேர்ப்பதில் அநீதி என்று வழக்குப் போடுகிறவர்களும் 12ஆம் உறுப்புரையின் சமத்துவத்தைப் பிடித்துத்தான் போகிறார்கள். வழக்குப் போட வசதி உள்ளவர்களின் வழி அது. மண்டூரிலிருந்து யார் கொழும்புக்குப் போய் வழக்குப் பேசுவது?

ஆசிரியர் எண்ணிக்கை மாணவர் தொகையைப் பார்த்துத்தான் முடிவாகிறது. ஆளணி மீளாய்வு, அதாவது ஒரு பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர் என்று திரும்பக் கணக்குப் பார்ப்பது, என்றால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். கணித ஆசிரியர் இல்லையென்று நாலு பெற்றோர் விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு களுவாஞ்சிக்குடிக்குப் பிள்ளைகளை மாற்றுவார்கள். தொகை குறையும். தொகை குறைந்ததால், இருக்கிற ஆசிரியர் ஒருவர் மேலதிகம் என்று பட்டியலில் வருவார். அவர் போனதும் இன்னும் சிலர் விடுகைப் பத்திரம் கேட்டு வருவார்கள். கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிந்தவர்கள் இடமாற்றம் வாங்கிப் போவது தனிக்கதை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆளணியைத் தலைக்கணக்கில் போடாமல் பாடக்கணக்கில் போட்டால் என்ன என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். நாற்பது பிள்ளைகள் உள்ள பாடசாலைக்கும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் ஆள் நிச்சயம் என்று எழுதிவைத்தால் போதும். நல்ல யோசனை, எழுத்தில் தாருங்கள் என்றார்கள். கொடுத்தேன். அதற்குப் பதில் வருமுன் அடுத்த மீளாய்வுப் படிவம் வந்துவிட்டது. முதல் நிரலில் கேட்டிருந்தது மொத்த மாணவர் தொகை.