இகூகு என்றொரு பெண்குதிரை: டர்பன் க்ரேவிலில் பெயர்களின் தடம் பிடித்து

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையிலிருந்து காரில் கிளம்பினால் நகரத்தைத் தாண்டுவதற்குள் க்ரேவில் பந்தயத்திடல் வந்துவிடும். ஓடுபாதை பேரிக்காய் வடிவம். அதன் வயிற்றுக்குள் ஒரு கோல்ஃப் மைதானமே அடங்கியிருக்கிறது. ஜூலை முதல் சனிக்கிழமை நடக்கும் 'டர்பன் ஜூலை' குதிரைப் பந்தயம் 1897-ல் தொடங்கியது. இப்போது 2200 மீட்டர், அதிகபட்சம் 18 குதிரைகள், வலப்பக்கம் திரும்பும் ஓட்டம். அன்று பலர் உடுப்பு பார்க்கவும் காட்டவும் வருகிறார்கள். குதிரை பார்க்க வருகிறவர்கள் சீக்கிரம் வந்துவிடுங்கள். வருங்கால நட்சத்திரங்களான இரண்டு வயதுக் குட்டிகள் ஓடும் 1400 மீட்டர் பந்தயங்கள், கோல்டன் ஹார்ஸ்ஷூவும் கோல்டன் ஸ்லிப்பரும், அதே நாளில்தான். பெரிய பந்தயத்துக்கு மட்டும் வருகிறவர்கள் இவற்றைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

உள்ளே போனதும், அன்று ஓடும் குதிரைகளின் விவரம் அடங்கிய ரேஸ் புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் படிக்கும் விதத்தை ஒரு பெயரை வைத்தே சொல்லிவிடலாம்: இகூகு.

இது குதிரையின் பெயர், இந்த மண்ணின் சூலு மொழிச் சொல். பொக்கிஷம், அருமைப் பொருள் என்று அர்த்தம். நம் வீட்டில் பெண் குழந்தையைத் 'தங்கம்' என்று கூப்பிடுவோமே, அந்தக் கனிவு இதில் உண்டு. நடு அசையை நீட்ட வேண்டும். 'நகம்' என்பதில் வருகிற மெல்லிய ககரம்தான் இதிலும். ஆனால் அந்தக் குதிரை பிறந்தது சூலு மண்ணில் அல்ல, ஆஸ்திரேலியாவில். தகப்பன் 2001-ல் எப்சம் டெர்பி வென்ற கலிலியோ, தாய் ஸரினியா. 2011-ல் மூன்று வயதுப் பெண்குதிரையாக 1600, 1800, 2450 மீட்டர் என நீண்டுகொண்டே போகும், பெண்குதிரைகளுக்கான ட்ரிபிள் டியாரா பந்தயங்கள் மூன்றையும் வென்றது. அதே ஆண்டு ஆண்குதிரைகளோடு மோதி டர்பன் ஜூலையையும் வென்றது. 2012 ஜனவரியில் கேப் டவுனின் மெட் பந்தயமும் அதற்கே. இகூகுவின் பயிற்சியாளர் மைக் டி காக்கிடம் இருந்த இன்னொரு குதிரை இம்போங்கியின் பெயரும் சூலுதான். அரசனைப் புகழ்ந்து பாடும் பாணன் என்று பொருள்.

ஆகவே பெயரை மட்டும் பார்த்துப் பிறந்த ஊரை முடிவு செய்யாதீர்கள். வெளிநாட்டில் பிறந்த குதிரைக்குப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் நாட்டின் சுருக்கெழுத்து இருக்கும். பிறப்புச் சான்றிதழ் அதுதான். அருகிலேயே தகப்பன் பெயரும் தாய் பெயரும். ஏலத்துக்கு வரும் ஒரு வயதுக் குட்டிக்குப் பெரும்பாலும் பெயரே இருக்காது, 'இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த பெண்குட்டி' என்றுதான் அட்டவணையில் போட்டிருப்பார்கள். பெயர் வைக்கும்போது அந்த இரண்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டுவது வழக்கம். ஜெட் லைட்னிங் என்ற தாயின் மகன் ஜெட் மாஸ்டர். அவன் மகள் ரிவர் ஜெடெஸ். மூன்று தலைமுறைக்கும் 'ஜெட்' இறங்கி வந்திருக்கிறது. ரிவர் ஜெடெஸின் கூடப்பிறந்த அண்ணன் பாக்கெட் பவர் 2007 முதல் 2009 வரை மெட் பந்தயத்தை மூன்று முறை வென்றான். 2010-ல் தங்கை வென்றாள். அண்ணன் பெயரில் வம்சத்தின் தடயமே இல்லை, ரேஸ் புத்தகத்தில் பெற்றோர் வரியைப் பார்த்தால்தான் தெரியும்.

பெயருக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆங்கில எழுத்தில், இடைவெளியும் குறிகளும் சேர்த்து, 18-ஐத் தாண்டக்கூடாது. புகழ்பெற்ற குதிரைகளின் பெயர்கள் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கும், அவற்றைத் தொட முடியாது. பிரபலமான மனிதரின் பெயர் என்றால் அவருடைய சம்மதம் வேண்டும். தமிழ்ப் பெயர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இடறுவது எழுத்துக்கூட்டலில். தேசிங்கு ராஜனின் 'பாராசாரி' எட்டெழுத்து. அவன் நண்பன் குதிரை 'நீலவேணி' ஒன்பது. இரண்டும் தாராளமாக அடங்கும். 'வெற்றிவேல் வீரவேல்' பதினேழு, தப்பிக்கும். 'திருநெல்வேலி சீமை' என்று வைக்க நினைத்தால் முதலெழுத்தில் வெறும் 'டி' போட்டால் சரியாகப் பதினெட்டு. பின்னால் ஒரு 'ஹெச்' சேர்த்தால் பத்தொன்பதாகி விண்ணப்பம் திரும்பி வரும்.

டர்பன் தமிழர்களுக்கு இந்த எழுத்துச் சிக்கல் புதிதல்ல. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்த நாளிலிருந்து, கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பெயர்களைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனது, முதலி 'மூட்லி' ஆனது. அந்த எழுத்துக்கூட்டலே இன்றுவரை குடும்பப் பெயராக நிற்கிறது. ரேஸ் புத்தகத்தின் உரிமையாளர் வரிகளில் கோவெண்டரையோ நாயுடுவையோ பார்த்தால் அது இந்த வரலாற்றின் மிச்சம். நிறவெறிக் காலத்தில் இந்தியர்களைத் தனி ஸ்டாண்டில் ஒதுக்கி வைத்த திடல் இது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். வேலியோரம் நின்று முதலில் நடையைப் பாருங்கள். பின்னங்குளம்பு முன்னங்குளம்பு விட்ட தடத்தைத் தாண்டி விழுந்தால் நடை தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு பின்தொடைகளுக்கு நடுவே பாருங்கள். அங்கே சோப்பு நுரைபோல வெள்ளையாக வியர்வை திரண்டிருந்தால், ஜூலை மாதக் குளிரில் அது வெப்பத்தால் வந்ததல்ல, பதற்றம். ஓடுவதற்கு முன்பே தெம்பைக் கரைத்துவிடும். கூட்டச் சத்தம் பழகாத இளங்குட்டிகளுக்கு இது அடிக்கடி நேரும். கவனம் சிதறும் குட்டிக்குக் கண்மறைப்பு மாட்டியிருப்பார்கள். நாக்கு கடிவாளத்துக்கு மேல் ஏறி மூச்சை அடைக்காமலிருக்க மெல்லிய பட்டையால் கட்டியிருப்பதும் உண்டு. வயதையும் கவனியுங்கள். தென்னாப்பிரிக்காவில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஆகஸ்ட் 1-ல்தான் வயது கூடும். ஆகஸ்டில் பிறந்த குட்டியும் நவம்பரில் பிறந்த குட்டியும் ஒரே 'இரண்டு வயது' என்று சேர்ந்து ஓடும். அந்தச் சின்ன வயதில் மூன்று மாத வளர்ச்சி சின்ன விஷயமல்ல. தாமதமாகப் பிறந்தது தோற்றால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள்.

மறுநாள் காலை உம்கேனி ஆறு கடலில் சேரும் புளூ லகூனுக்குப் போய்வாருங்கள். ஞாயிறன்று இந்தியக் குடும்பங்கள் சாப்பாட்டோடு வந்து உட்காரும் இடம். ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய பன்னி சௌ வாங்கும்போது, பசியைப் பார்த்துக் காலா அரையா என்று சொல்லிவிடுங்கள். அரை என்பது நிஜமாகவே பாதி ரொட்டி. 1966-ல் சீ காட்டேஜ் என்ற குதிரையைக் காலைப் பயிற்சியின்போது துப்பாக்கியால் சுட்டது இந்தப் புளூ லகூனில்தான். டர்பன் ஜூலையில் வெல்லும் என்று எல்லோரும் எதிர்பார்த்த குதிரை அதுதான். பந்தயத்துக்குச் சில வாரங்களே இருந்தன. குண்டு பின்பக்கம் பாய்ந்தது. அப்படியும் அந்த ஆண்டு ஓடி நான்காவதாக வந்தது. 1967-ல் திரும்பி வந்து ஜாலிஃபையோடு தலைக்குத் தலை சமமாகக் கோட்டைத் தொட, வெற்றி இரண்டுக்கும் பகிரப்பட்டது. சீ காட்டேஜின் தாயின் பெயர் மாரிடைம், கடல் சார்ந்தது என்று அர்த்தம். மகனுக்குக் 'கடல்' வந்த வழி அதுதான்.