மூளையைப் படித்தால் விசுவாசம் போய்விடுமா?

மட்டக்களப்பில், 1814இல் வில்லியம் ஓல்ட் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி மாதிரியான கிறிஸ்தவப் பள்ளிகளில் ஏ.எல். பயோ படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நினைவும் பயமும் அன்பும் நரம்புக்கலங்களில் நடக்கிற வேலை என்று படித்தவுடன், அப்படியென்றால் ஜெபிக்கிறதுக்கு என்ன அர்த்தம் என்று சிலர் கலங்கிப்போகிறீர்கள், ஆலயத்தில் பெரியவர்கள் சிலரும் அதையெல்லாம் ஆழமாகப் படிக்காதே பிள்ளை என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த உடற்கூற்று அறிஞர் நிக்கலாஸ் ஸ்டேனோவைப் பாருங்கள். ஆன்மா, மூளைக்குள் இருக்கிற பினியல் என்ற சின்னச் சுரப்பியை அசைத்துத்தான் உடலை நடத்துகிறது என்று பிரெஞ்சுத் தத்துவவாதி டேக்கார்ட் எழுதிவைத்திருந்தார். ஸ்டேனோ 1665இல் பாரிசில் பேசும்போது, மூளையை வெட்டிப் பார்த்தால் அந்தச் சுரப்பி அப்படி அசைய வழியே இல்லை என்று மறுத்தார். மூளையைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் அந்த உரையையே தொடங்கினார், என்ன நேர்மை! அதே மனிதர் பிறகு கத்தோலிக்க ஆயரானார். நரம்புக்கல மென்சவ்வில் அயன்கள் (மின்னேற்றமுள்ள துகள்கள்) செய்கிற வேலையைக் கண்டதற்காக 1963இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூளை ஆய்வாளர் ஜோன் எக்கிள்ஸும் கடவுளை நம்பியவர்தான்.

ஆகவே பயப்படாமல் படியுங்கள். ரியூசனில் நியூரோன் (நரம்புக்கலம்) படத்தைக் கீறிப் பாடமாக்குவதோடு விட்டுவிடாதீர்கள், ஏன் எப்படி என்று கேளுங்கள். விளங்காத இடம் இருந்தால் இன்பொக்ஸில் வாங்க, இருந்து கதைப்போம்.